காணாமற்போன பதினொரு கிலோமீற்றர்

பதினொரு கிலோமீற்றர் கேபிளைக் காணவில்லை.

ஷிரோமி சோதனைக் கருவியை மூன்றாவது தடவையும் இயக்கிப் பார்த்தாள். கேபிளின் ஒரு நுனியில் ஒளித் துடிப்பொன்றைச் செலுத்தி, அது எங்கெங்கே மோதித் திரும்புகிறது என்பதைக் கொண்டு நீளத்தைச் சொல்லும் கருவி அது. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் இரண்டாவது கேபிள் வரைபடத்தின்படி நாற்பத்தொரு கிலோமீற்றர். கருவியோ மூன்று தடவையும் முப்பது என்றே அடம்பிடித்தது.

அது இரண்டாயிரத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதம். தனியார் தொலைபேசிக் கம்பனியொன்றின் பதுளைக் கிளையில் வழித்தடங்களைத் திட்டமிடுவது ஷிரோமியின் வேலை. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, மொறட்டுவையில் பட்டம் வாங்கி வந்தவள், வயது இருபத்தேழு. ஊவா மாகாணத்தின் பேச்சையெல்லாம் கொழும்புக்குக் கொண்டுபோகும் முதலாவது கேபிள் பிரதான வீதியோரமாகத் தெமோதரையைத் தாண்டிப் போகிறது. அது அறுந்தால் கண் இமைப்பதற்குள் எல்லாம் இரண்டாவது கேபிளுக்கு மாறிவிட வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே கூடாது. அதற்காக இரண்டாவதைத் தோட்டப் பாதைகள் வழியே, முதலாவதிலிருந்து நன்றாக விலக்கி, ஆனாலும் சொல் போய்ச்சேரும் தாமதம் கூடிவிடாத அளவுக்குக் கிட்டவாக வரைந்திருந்தார்கள்.

கிளைக் கட்டடத்தின் கூரையில் செய்மதித் தட்டு ஒன்றும் இருந்தது. அதன் வழியே போகும் சொல் வானத்துக்கு ஏறி இறங்கி, பதிலோடு திரும்பிவர அரைச் செக்கனுக்கு மேலாகும். இரண்டு பேர் பேசினால் ஒருவர் பேச்சில் மற்றவர் இடறுவார். வங்கி இயந்திரங்கள் பொறுமையிழந்து அட்டையைத் துப்பிவிடும். ஆகவே கம்பனியின் பெருமையெல்லாம் அந்த இரண்டாவது கேபிளில்தான் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் வேலை முடிந்தபோது, எதிர்பார்த்ததைவிடத் தாமதம் குறைவு என்று கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை.

ஷிரோமி இரண்டு கேபிள்களின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது கிலோமீற்றரிலிருந்து இரண்டிலும் மூட்டுகள் ஒரே தூரங்களில் இருந்தன.

சனிக்கிழமை லைன்மேன் ஷுக்ரியைக் கூட்டிக்கொண்டு தெமோதரைக்குப் போனாள். வீதியோரத்து மேன்ஹோல் மூடியை ஷுக்ரி நெம்பித் திறந்து, இடுப்பளவு இறங்கி, சேற்றுத் தண்ணீரைக் கையால் விலக்கினான்.

"மிஸ், ரெண்டும் இங்கதான் கெடக்குது. ஒரே பைப்புக்குள்ள போகுது."

மலைச்சரிவில் பாறை உடைக்கப் பஞ்சிப்பட்ட ஒப்பந்தக்காரர், இரண்டாவது கேபிளைப் ஏழாவது கிலோமீற்றரிலேயே கீழே இறக்கி முதலாவதின் குழாய்க்குள்ளேயே தள்ளிவிட்டிருந்தார். அந்தக் குழாய் போன இடம் இன்னும் மோசம். பழைய கல் அணைச்சுவரொன்றின் காலடி. சுவர் பிள்ளைத்தாய்ச்சியின் வயிறுபோல முன்னால் தள்ளியிருந்தது. வெடிப்புகளிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே ஐம்பது அடி உயரத்துக்குத் தேயிலை.

அவள் வரைபடத்தை விரித்து, அந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டாள்.

கிளை முகாமையாளர் தர்மராசா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வந்து பத்தொன்பது வருடம். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில். திங்கட்கிழமை காலை ஷிரோமி வரைபடத்தை அவர் மேசையில் விரித்துச் சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை வேற ஆருக்கும் காட்டினனீரோ?"

"இல்லீங்க சேர். ஷுக்ரிக்கு மட்டும் தெரியும்."

"கேபிள் வேலையின்ரை ஏற்புச் சான்றிதழிலை ஆர் கையெழுத்து வச்சது தெரியுமோ?"

"தெரியுங்க சேர். நீங்கதான்."

"நடந்து பாக்காமல் வச்சனான்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் தர்மராசா. அடையாள அட்டையிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நேரம் மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. கையிலை வரைபடமும் கமெராவுமாப் பாலங்களுக்குப் பக்கத்திலை நாற்பது கிலோமீற்றர் நடக்கச் சொல்லுறீரோ என்னை? ஒப்பந்தக்காரன் தந்த படத்தை நம்பி வச்சன்."

"அது வேற விசயங்க சேர். இப்ப அந்தச் சுவர் இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. அது விழுந்தா ரெண்டும் சேந்தே போயிரும். கொழும்புக்கு எழுதுவோம்."

"எழுதலாம். எழுதினால் என்ன கேப்பினம்? ஊவா முழுக்க ஊமையாகிற இடத்தை ஒரு தமிழன் எப்பிடிக் கண்டுபிடிச்சவன் எண்டு கேப்பினம். அதை ஒண்டரை வருசம் ஏன் மறைச்சவன் எண்டு கேப்பினம். உமக்கு விளங்குதோ பிள்ளை?" அவர் சிவப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இது வரைபடமில்லை. இது வழக்கு. கிழிச்சுப் போடும்."

அவள் கிழிக்கவில்லை. கிழித்தால் சுவர் நிமிர்ந்துவிடுமா?

ஆனால் அவர் சொன்னது ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. குறையை மட்டும் கொண்டுபோனால் பழி வரும், கையில் ஒரு மாற்றையும் வைத்துக்கொண்டு போனால் கேட்பார்கள் என்று நினைத்தாள். நமுனுகுல மலையில் கம்பனியின் பழைய மைக்ரோவேவ் கோபுரம் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பதுளை தெரியும். மறுபக்கம் பள்ளத்தில் வெல்லவாயக் கோபுரம் தெரியும். வெல்லவாயவிலிருந்து தெற்குக் கரையோரமாகக் கொழும்புக்கு வேறு கேபிள் உண்டு. சுற்றுவழிதான். என்றாலும் செய்மதியோடு பார்க்கையில் தாமதம் ஒன்றுமேயில்லை. ஒரு இடத்தில்கூட முதல் வழியைத் தொடாத வழி.

புதன்கிழமை தனியாகப் போனாள். கோபுரத்தடிக் குடிசையில் குளவிக் கூட்டுக்குக் கீழே நின்று, பழைய கருவிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினாள். இரண்டு மின்சுற்று அட்டைகளில் ஒன்று செத்திருந்தது. மற்றது உயிரோடு இருந்தது. வெல்லவாயவில் எதிர்முனையை அணைக்க யாரும் நினைக்கவில்லைபோலும், கூப்பிட்டதும் பதில் சொன்னது. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கோபுரத் தட்டு திரும்ப வேண்டிய கோணம், அலைவரிசை, எந்த அட்டை எந்தத் துளையில் என்பதையெல்லாம் அதே வரைபடத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். முன்பக்கத்தில் மூன்று வழிகளையும் மூன்று நிறத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தாமதத்தைக் குறித்தாள்.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிற்பகல் மூன்றரைக்குச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். பைகள் திறந்தன. அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்த இளம் சிப்பாய் முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு நேராக்கினான். பாலங்கள், வீதிகள், கோபுரம், நடுவில் சிவப்பு வட்டம். பின்பக்கத்தில் எண்களும் கோணங்களும்.

அவன் சத்தம் போடவில்லை. இரண்டடி பின்வாங்கித் துவக்கைச் சரிசெய்துகொண்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டான். பஸ் அவள் இல்லாமல் போயிற்று.

பாதையோரத்துச் சிறிய பொலிஸ் நிலையம் அது. பெண்களுக்கென்று தனிக் கூண்டு இல்லை. பழைய பதிவேடுகளை அடுக்கியிருந்த அறையில் அவளை வைத்தார்கள். கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் ஒரு மண் திட்டு. ஆகாயம் தெரிய வேண்டுமானால் தரையில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதரல்ல. அவளைச் சிங்களத்தில் மரியாதையாகவே விசாரித்தார். அவளும் சிங்களத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். கேபிள், சரியப்போகும் சுவர், மாற்று வழி, தாமதம் என்று அவள் விளக்கியதை எல்லாம் அவர் எழுதிக்கொண்டார்.

"நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம்," என்றார். "ஆனால் அவசரகாலச் சட்டம் நடக்கிற நேரம். இந்தப் படம் என் மேசைக்கு வந்துவிட்டது. இனி நான் இதைக் காணாததுபோல இருக்க முடியாது. உங்கள் கம்பனி, 'இது எங்கள் படம், நாங்கள்தான் அனுப்பினோம்' என்று சொல்லட்டும். நாளைக்கே விட்டுவிடுகிறேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. தர்மராசாவின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை தேநீர் கொண்டுவந்தவர் சார்ஜன்ட் நிஸாம். அந்த நிலையத்தில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றார்.

"தங்கச்சி, இன்ஸ்பெக்டர் ஐயா ஒங்க மேனேஜரோட பேசினாரு. ஒங்களைத் தெரியும், ஆபீஸ்ல வேலை செய்றவங்கதான்னு சொன்னாராம்."

"படத்தைப் பத்தி?"

நிஸாம் சுவரைப் பார்த்தார். "அப்பிடி ஒரு படம் ஆபீஸ்ல இல்ல, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாராம்."

தேநீர் ஆறி ஆடை படியும்வரை அவள் கோப்பையைப் பிடித்தபடியே இருந்தாள். கோபம்கூட வரவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த விதம்தான் கண்ணுக்குள் நின்றது. பத்தொன்பது வருடமாக அந்த மனிதர் கதவுகளைச் சாத்திக்கொண்டே வாழ்ந்திருக்கிறார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது உறைத்து என்ன பயன்? சாத்திய கதவுக்கு இந்தப் பக்கத்தில் இருப்பது அவள்.

வெள்ளிக்கிழமை அம்மா நேசராணி வந்தாள். மழையில் நனைந்த சாக்கைத் தலையிலிருந்து இறக்கியபடி, நிஸாமுக்கு முன்னால் கைகூப்பி நின்றவளை ஷிரோமி ஜன்னல் வலைக்குள்ளால் பார்த்தாள்.

"வேலைப் பெரட்டுக்குப் போகாம வந்துட்டேன்மா. கங்காணி அரை நாள் பேர்கூடப் போட மாட்டேன்னுட்டான், போடா போன்னு வந்துட்டேன்." ரொட்டிப் பொட்டலத்தை வலையின் கிழிசல் வழியே கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஏதாச்சும் எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுத்துரு. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. நாம எங்க போயி நியாயம் கேக்க?"

"என்னத்தம்மா தெரியாமப் பண்ணினேன்? எனக்குத் தெரிஞ்சதுதான் குத்தம்."

"லயமே என்னப் பாத்து ஒதுங்குதுடி. நேத்து பீலிக்கரையில நான் போனதும் எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

இரண்டு பேரும் வலையின் இரண்டு பக்கமும் நின்று ரொட்டியைத் தின்றார்கள். மழை விடவேயில்லை. அம்மா போன பிறகு ஷிரோமி சுவரைப் பற்றி நினைத்தாள். மூன்று நாள் மழை. அந்த வயிறு எவ்வளவு தாங்கும்?

சனிக்கிழமை முற்பகலில் நிலையத்துத் தொலைபேசி செத்தது. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கைத்தொலைபேசிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. வாசலில் ஆட்கள் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டு திரிவது அவளுக்குக் கேட்டது. அவளுக்கு மட்டும் என்ன நடந்ததென்று தெரியும். சொன்னேனே, சொன்னேனே என்று உள்ளே ஒரு குரல் கூவியது. அடுத்த கணமே அந்தக் குரல் வாயடைத்துப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் கையில் வரைபடத்தோடு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"பொலிஸ் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. தெமோதரையில் கேபிள் போய்விட்டது." சிவப்பு வட்டத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்த இடம். சரியாக இந்த இடம்."

"மண் சரிந்திருக்கும் சேர். போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் விழுந்திருக்கும்."

"யார் போவது? வீதியில் நாலு இடத்தில் மண். உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று மேலே கேட்பார்கள். நான் என்ன சொல்ல?"

"அதைத்தான் புதன்கிழமையே உங்களுக்குச் சொன்னேன்."

"ஆமாம்," என்றார் அவர் களைப்போடு. "அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அதுதான் இன்னும் மோசமாகத் தெரிகிறது."

அவர் போன பிறகு கதவுக்கு வெளியே துவக்கோடு ஒருவனை நிறுத்தினார்கள். அதுவரை அவள் கேட்டால் கதவைத் திறந்து கழிப்பறைக்கு விடுவார்கள். இனிமேல் அதற்கும் ஆள் கூட வந்தான். அறை அதே அறைதான். ஆனால் சுவர்கள் ஒரு முழம் கிட்ட வந்துவிட்டன. சரியாகக் கணித்ததே அவளுக்கு எதிரான சாட்சி. பிழையாகக் கணித்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில் தர்மராசா வந்தார். பாதி வழியில் பஸ் நின்றுவிட, மண் சரிவுகளில் ஏறி இறங்கி நடந்தே வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. ஒரு சப்பாத்தின் அடிப்பாகம் கழன்று வாய் பிளந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் வாங்கில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை, இன்ஸ்பெக்டரின் அறைக்கு அழைத்து வரப்பட்ட ஷிரோமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலித்தீனில் சுற்றிய கோப்பொன்றை அவர் மேசையில் வைத்தார். சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"இந்தப் பிள்ளை சொன்னது எல்லாம் உண்மை. இது ஏற்புச் சான்றிதழ். இது என் கையெழுத்து. நான் போய்ப் பார்க்காமல் வைத்தது. பிள்ளை கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். நான் மறைக்கச் சொன்னேன். தொலைபேசியில் உங்களுக்குச் சொன்னது பொய்."

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறக்காமல் அவரையே பார்த்தார். "இதைச் சொன்னால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா?"

"தெரியும். இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கும் பேச முடியவில்லை, மாவட்டக் கச்சேரிக்கும் பேச முடியவில்லை. செய்மதியில் பத்துப் பேர் பேசினாலே அடைத்துக்கொள்கிறது. கேபிளைத் திருத்த ஒரு கிழமையாவது ஆகும். ஒரேயொரு வழி நமுனுகுலக் கோபுரம். அதைச் சரிசெய்யும் விபரம், நீங்கள் அன்று தொலைபேசியில் விவரித்த, உங்கள் மேசையில் கிடக்கிற அந்தப் படத்தில் இருக்கிறது. செய்யத் தெரிந்தவள் இந்தப் பிள்ளை."

ஷிரோமி தமிழில் கேட்டாள்: "எனக்காக வந்தீங்களா சேர், இல்ல படத்துக்காகவா?"

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "ரெண்டுக்கும்தான் பிள்ளை. பொய் சொல்லேலாது. லைன் போகாட்டில் நான் வந்திருப்பனோ எண்டு எனக்கே தெரியேல்லை."

அந்தப் பதில் அவளைச் சுட்டது. ஆனால் வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறந்து கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நிஸாமையும் இரண்டு கொன்ஸ்டபிள்களையும் கூப்பிட்டு, ஜீப்பில் போகிற தூரம்வரை போய், மிச்சத்தை நடந்து ஏறச் சொன்னார். படத்தை அவளிடம் கொடுக்கவில்லை. நிஸாமின் கையில் கொடுத்தார்.

பதினொரு மணிக்குக் கோபுரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேகம் தேயிலைக்குள் இறங்கிக் கிடந்தது. பதுளை முனையில் ஷுக்ரி கூரைமேல் ஏறிப் பழைய மைக்ரோவேவ் தட்டைத் திருப்பி வைத்துக் காத்திருப்பான் என்று தர்மராசா சொன்னார். நிஸாம் படத்தைப் பிடித்துக் காட்டக் காட்ட ஷிரோமி வேலை செய்தாள். செத்த அட்டையைக் கழற்றினாள். மற்றதை மாற்றிக் குத்தினாள். தர்மராசா வாய் பிளந்த சப்பாத்தோடு ஏணியில் பத்தடி ஏறி, அவள் சொன்ன பக்கத்துக்குத் தட்டை விரற்கடை விரற்கடையாகத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் மேக்கால சேர்... போதும், போதும். கொஞ்சம் பின்னால... அசைக்காதீங்க!"

சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. வெல்லவாய வந்தது. அரை மணி நேரத்தில் பதுளையும் வந்தது. அவள் கொழும்புக்கு ஒரு சோதனைத் துடிப்பை அனுப்பினாள். போய்வரப் பதினெட்டு மில்லிசெக்கன். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. திரையில் அழைப்புகள் ஏறத் தொடங்கின: ஒன்பது, முப்பத்தைந்து, நூற்றுப் பத்து. யாரோ யாருக்கோ உயிரோடிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குடிசைச் சுவரிலிருந்த பழைய தொலைபேசி அடித்தது. நிஸாம் எடுத்தார். "ஐயாதான். வேலை செய்யுதாம். ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. இந்த முறை நிஸாம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "எஹெய் சேர், எஹெய் சேர்," என்று சிங்களத்தில் ஆமோதிக்க மட்டும் செய்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்னங்க?"

"லைன் வந்ததும் ஐயா மேலிடத்துக்குப் பேசியிருக்காரு தங்கச்சி. விசாரணை முடியிற வரைக்கும் ரெண்டு பேரையும் விட வேணாம்னு உத்தரவாம். கூட்டிக்கிட்டு வரச் சொல்றாரு. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

அவள் போட்ட வழியில்தான் அந்த உத்தரவு வந்திருந்தது.

அவளது வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் மின்சார ஆளி இருந்தது. ஒரு தட்டு தட்டினால் எல்லாம் அணைந்துவிடும். கொன்ஸ்டபிள்களுக்கு என்ன நடந்ததென்றே விளங்காது. நீங்களும் கொஞ்சம் ஊமையாக இருங்கள், என்னைப்போல. அந்த நினைப்பு உடம்பெல்லாம் சூடாகப் பரவியது. திரையைப் பார்த்தாள். இருநூற்று ஆறு. இருநூற்றுப் பதின்மூன்று. தர்மராசா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் கதவிடுக்கில் சாக்கை அழுத்தி அடைத்தாள்.

"வாங்க சேர், போவோம்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவளை வைத்திருந்தார்கள். மண் ஆராய்ச்சி அதிகாரிகள் வீதி திறந்ததும் தெமோதரைக்குப் போய், வெடிமருந்து எதுவுமில்லை, தண்ணீர் ஊறிய சுவர் மலையோடு சரிந்ததுதான் என்று எழுதிக் கொடுத்த பிறகே கதவு திறந்தது. அதுவும் முழுதாகத் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது, ஒவ்வொரு ஞாயிறும் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். தர்மராசாவை ஐந்து கிழமைக்குப் பிறகுதான் விட்டார்கள். கம்பனி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் பதுளைக்குத் திரும்பாமல் கொழும்பில் உறவினர் வீட்டு அறையொன்றில், மகளிடம் போவதற்கான விசாவுக்குக் காத்திருந்தார்.

கம்பனி ஷிரோமியைப் பாராட்டித் தலைமையகத்துக்கு மாற்றல் கடிதம் அனுப்பியது. மாவட்டத்தை விட்டுப் போக முடியாதவளுக்குக் கொழும்பில் மேசை. பதில் எழுதாமல் விட்டாள். இரண்டாவது கேபிளுக்குப் புதிய வழி வரைய வேண்டியிருந்தது. அதற்காக நடந்து பார்க்க ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு எழுத வேண்டும். அனுமதி வர மூன்று கிழமை. வந்தால் பின்னாலேயே ஒரு கொன்ஸ்டபிள். பீலிக்கரையில் பெண்கள் இப்போது அம்மாவோடு பேசினார்கள். ஷிரோமியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளது தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, நான் தர்மராசா."

அவர் மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"விசா கிடைச்சிட்டுது. வாற புதன் போறன்."

"நல்லதுங்க சேர்."

"நான் அண்டைக்கு ஃபோனிலை, தெரியாது எண்டு சொன்னது... அந்தக் காலையை நினைச்சால் எனக்கு நித்திரை இல்லை. நீர் என்னை மன்னிக்கோணும் எண்டு கேக்கேல்லை. சொல்லிப்போட்டுப் போகோணும்போலை இருந்தது."

அவள் பாதையைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லாமல் இல்லை. திட்டவும் வரவில்லை. அந்த மனிதர் மண் சரிவுகளில் ஏறி வந்த சேற்றுக் கால்களும் கண்முன் நின்றன.

"குளிராயிருக்கும் சேர் அங்க. நல்ல சப்பாத்து வாங்கிக்குங்க," என்றாள்.

"வாங்கிறன் பிள்ளை."

"பஸ் வருதுங்க சேர். பத்தரைக்குள்ள போயி கையெழுத்து வைக்கணும்."

"இன்னும் எத்தினை ஞாயிறு?"

"பதினாலு."

"போம், போம். பிந்தாதையும்."

பஸ்ஸில் கூட்டம். அவள் முன்வாசலில் தொங்கிக்கொண்டு ஏறி, உள்ளே நெருக்கிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கே இறங்குவது என்று கண்டக்டர் கேட்டான்.

"பொலிசடியில இறக்கம்," என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்வையைத் தாழ்த்தாமல், டிக்கட்டுக்காகக் கையை நீட்டினாள்.